ஒரு பிள்ளைக்கு எத்தனை கோப்பு? – யாழ்ப்பாணக் குடாநாட்டில் சிறுவர் பராமரிப்பும் சிறுவர் நீதியும்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. எதற்குள் போனாலும் பிள்ளைகளுக்கென்றே நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர்கள் ஒன்றுக்கு மேற்பட்டோரைக் காணலாம். ஒரு மேசையில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். இன்னொன்றில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைச் சேர்ந்தவர் இருப்பார். முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி, பெண்கள் அபிவிருத்தி, உளவளத்துணை என்று மேசைகள் நீண்டு போகும். நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அலுவலகம் வேறு; அவர் மாகாணத் திணைக்களத்து ஆள், அவருடைய நாட்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தோடு கழியும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவு. போதனா வைத்தியசாலையில் பிள்ளைநல மருத்துவர், மனநல மருத்துவர், சட்ட வைத்திய அதிகாரி. பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர். ஊரில் கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர். இத்தனை பேரும் ஒரே பிள்ளையைப் பற்றி எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படுவது அந்தப் பிள்ளை நீதிமன்றப் படி ஏறிய பிறகுதான், அதுவும் பட்டால்.

சேவைகள் போதவில்லை என்ற முறைப்பாடு குடாநாட்டில் அடிக்கடி கேட்பது. அது பாதி உண்மை. ஆளணி வெற்றிடங்கள் உண்டு, வாகனமில்லை, படிக்காசு போதாது, எல்லாம் சரி. ஆனால் இருக்கிற சேவைகளை ஒரு பிள்ளையின் பெயரில் ஒன்றுசேர்க்கும் பொறுப்பு இன்னாருடையது என்று எங்கும் திட்டமாகச் சொல்லப்படவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஓட்டையைப் பற்றியது. அது எப்படி விழுந்தது, அதற்குள் விழும் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள், அடைப்பதற்கு என்ன வழி என்பதை ஒரு சேரப் பார்க்கலாம்.

முதலில் சட்டம். இலங்கையில் சிறுவர் நீதியின் அடித்தளம் இன்றும் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பிள்ளைகள், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம்தான். 1933ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்தை முன்னால் வைத்து எழுதப்பட்டது. எழுதப்பட்டபோது 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பிள்ளை, 14க்கும் 16க்கும் இடைப்பட்டவர் இளம் ஆள். பதினாறைத் தாண்டியவர் வளர்ந்தவரோடு வளர்ந்தவராய்ப் பொது நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1991இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம் 18 வயது என்கிறது. இந்த இரண்டு வருட இடைவெளியில் எத்தனை தலைமுறைப் பெடியன்கள் மாட்டுப்பட்டார்கள் என்பது கணக்கெடுத்தால் தெரியும். 16 முதல் 22 வயது வரையானவர்களுக்கு அதே 1939இல் தனியாக ஒரு பயிற்சிப் பாடசாலைச் சட்டம் வந்தது. அதன்படி நிறுவப்பட்ட வதுபிட்டிவல பாடசாலை இருந்தது கம்பகா மாவட்டத்தில். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத பருத்தித்துறைப் பையனை அங்கே அனுப்பித் திருத்துவது எப்படி என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

பழசு என்பதற்காக அந்தக் கட்டளைச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட முடியாது. அதில் நல்ல விடயங்கள் உண்டு. சிறுவர் வழக்குகளை வேறு இடத்தில் அல்லது வேறு நேரத்தில் விசாரிக்க வேண்டும், பொதுமக்களை உள்ளே விடக்கூடாது, பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் பத்திரிகையில் போடக்கூடாது, வளர்ந்த சந்தேக நபர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது என்றெல்லாம் அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பெற்றோரிடமே விடலாம், தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம், மூன்று வருடம் வரை நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம் என்ற தெரிவுகளும் நீதவானுக்கு உண்டு. குற்றப் பொறுப்பு வயதைத் தண்டனைச் சட்டக்கோவை 8 என்று வைத்திருந்தது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தம் அதை 12 ஆக்கியது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்ததை விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் பிள்ளைக்கு இரண்டு வாசல். ஒன்று, குற்றம் செய்ததாகக் கொண்டுவரப்படுவது. மற்றது, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிறவராகக் கொண்டுவரப்படுவது. கைவிடப்பட்ட பிள்ளை, துன்புறுத்தப்பட்ட பிள்ளை, வீதியில் அலையும் பிள்ளை, தாய் தகப்பன் தங்களால் கட்டுப்படுத்த முடியவில்லை என்று தாங்களே கொண்டுவந்து நிறுத்தும் பிள்ளை எல்லாரும் இந்த வாசலால் வருவார்கள். வாசல் இரண்டானாலும் உள்ளே போய்ச் சேரும் இடம் பல சமயம் ஒன்றுதான். களவெடுத்தவனும் கைவிடப்பட்டவனும் நீதிமன்றம் அனுப்பும் ஒரே சான்றுபெற்ற பாடசாலையில் ஒரே மண்டபத்தில் படுக்கலாம். சட்டம் இரண்டு வகைப் பிள்ளைகளை ஒரு கூரையின் கீழ் சேர்க்கிறது. நிர்வாகமோ ஒரே பிள்ளையை ஏழெட்டாகப் பிரிக்கிறது. சேர்க்க வேண்டாத இடத்தில் சேர்த்து, சேர்க்க வேண்டிய இடத்தில் பிரித்து வைத்திருக்கிறோம்.

நன்னடத்தைச் சேவை 1944ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் 1956இல் அமைந்தது. ஒரே திணைக்களம், ஒரே தலைமை என்று இருந்த காலம் 1987இல் முடிந்தது. 13ஆம் திருத்தம் நன்னடத்தையையும் சிறுவர் பராமரிப்பையும் மாகாண சபைக்குக் கொடுத்தது. கொழும்பில் தேசியத் திணைக்களம் கொள்கைக்காகத் தொடர்ந்து இருந்தது. அது பிரதேச செயலகங்களில் தன்னுடைய ஆட்களாகச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களை வைத்தது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை வந்தது. அதுவும் மத்தியைச் சேர்ந்தது, அதுவும் தன்னுடைய ஆட்களை அனுப்பியது. பொலிஸ் மத்தி, நீதிமன்றம் மத்தி, நன்னடத்தை உத்தியோகத்தரும் அரச இல்லங்களும் மாகாணம். பாடசாலைகளில் தேசியப் பாடசாலை மத்தி, மற்றவை மாகாணம். அதிகாரப் பகிர்வைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பகிர்ந்தவர்கள் பாலம் போட மறந்தார்கள் என்பதே குறை. வடக்கு மாகாண சபை 2013இல் முதன்முதலாகத் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதன் பின் ஆளுநரின் கீழ்தான் எல்லாம். சிறுவர் இல்லங்களைப் பற்றிக் கேள்வி கேட்க மாகாண மட்டத்தில் ஒரு தெரிவான உறுப்பினரும் இல்லை.

குடாநாட்டுக்கு இதன் மேல் இன்னொரு அடுக்கும் உண்டு. 1990களின் முதல் பாதியில் கச்சேரியும் அரச திணைக்களங்களும் ஒருபுறம் இயங்க, புலிகளின் காவல்துறையும் நீதிமன்றமும் மறுபுறம் இயங்கின. களவெடுத்த பையனை எங்கே கொண்டுபோவது என்பதற்கு அந்த வருடங்களில் சட்டப் புத்தகத்தில் விடை இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது கோப்புகளும் பதிவேடுகளும் சனத்தோடு சிதறின. வடக்கும் கிழக்கும் ஒன்றாயிருந்து திருகோணமலையிலிருந்து நிர்வகிக்கப்பட்ட மாகாணம் 2007 தொடக்கத்தில் இரண்டானது. இப்படி அடிக்கடி இடம் மாறிய நிர்வாகத்தில் நிறுவன நினைவு என்று ஒன்று தங்கவில்லை. இருபது வருடம் வேலை பார்த்த உத்தியோகத்தரின் தலைக்குள் இருப்பதுதான் ஆவணம். அவர் ஓய்வு பெற்றால் அதுவும் போய்விடும்.

போர் முடிந்த கையோடு நடந்த ஒன்றை இங்கே நினைவூட்டத் தோன்றுகிறது. 2009இல் சரணடைந்தவர்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட 594 பேரை அரசு முன்னாள் சிறுவர் போராளிகளாகப் பதிந்தது. அவர்கள் மேல் வழக்குப் போடவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் என்ற அடிப்படையில் புனர்வாழ்வுக்கு அனுப்பினார்கள்; இரத்மலானை இந்துக் கல்லூரியில் பலர் இருந்து பரீட்சை எழுதினார்கள். அந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனாலும் ஆயுதம் தூக்கிய பிள்ளையைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கலாம் என்று ஒரு கொள்கை முடிவை எடுக்க அரசால் முடிந்தது. தண்ணீர் மோட்டர் தூக்கிய பிள்ளைக்கு அந்தப் பார்வை ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் அதிகாரிகளிடம் பதில் இல்லை.

தண்ணீர் மோட்டர் என்று சும்மா சொல்லவில்லை. வடமராட்சிக் கரையோரத்தில் பதினைந்து வயதுப் பெடியன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இந்த வேலையில் இருப்பவர்களிடம் சொன்னால், ‘உப்பிடி எத்தினை பேர்’ என்பார்கள். தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டார். தாய் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி. அம்மம்மாவோடுதான் இருப்பு. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் போவது குறைந்தது. வகுப்பு வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே முதலில் இடைக்கிடை ஒரு சுழி, பிறகு கிழமைக்கு மூன்று, பிறகு வரிசையாகச் சுழி. 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம்; பாடசாலைக்கு வராத பிள்ளையைத் தேடிப் போக ஊர்மட்டக் குழு இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் அதிபருக்குச் சொன்னார். அதிபர் கடிதம் எழுதினார். கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கே ஒரு கோப்புக்குள் படுத்தது. பையன் முதலில் மேசன் வேலைக்குக் கையாளாகப் போனான், பிறகு கடலுக்கு. 2021இல் வேலைக்கான குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனது என்பது அவனைக் கூட்டிப்போன சம்மாட்டிக்கும் தெரியாது. அங்கே அறிமுகமான பெரிய பெடியள் ஒரு மோட்டார் சைக்கிள் ஓடக் கொடுத்தார்கள், ஒரு பொதியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். ஓர் இரவு, வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பூட்டிக் கிடந்த வீட்டுக் கிணற்றடியில் மோட்டரைக் கழற்றும்போது பிடிபட்டான்.

இதற்கு முந்திய மூன்று வருடங்களை எடுத்துப் பாருங்கள். அந்த வீட்டில் அடிதடி நடந்தது குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். தங்கச்சியின் நிறை பார்க்க வந்தபோது கண்டவர். தாய் ஒருமுறை காயத்தோடு வைத்தியசாலை போய், அங்கு வன்முறைக்குள்ளான பெண்களுக்கென உள்ள ‘நட்பு நிலையத்தில்’ கதை சொல்லியிருக்கிறார். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரின் பட்டியலில் பையன் பெயர் கற்றல் உபகரணம் வழங்கப்பட்டவர்களில் ஒன்று. கிராம அலுவலர் உதவிப் பணத்துக்கான விண்ணப்பத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் சுழி போட்டிருக்கிறார். ஐந்து இடத்தில் ஐந்து துண்டு. ஐந்தையும் யாரும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கவில்லை. ஆறாவது கோப்பைத் திறந்தது பொலிஸ். அதற்கு மட்டும் இலக்கம், தவணைத் திகதி, பொறுப்பான ஆள் எல்லாம் உண்டு.

நீதவான் சமூக அறிக்கை கேட்பார். நன்னடத்தை உத்தியோகத்தர் அடுத்த தவணைக்குள் வீடு போய், அயலட்டை விசாரித்து, பாடசாலையில் கேட்டு, எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு கிழமைக்குள் அவருக்கு இது ஒன்றுதானா வேலை? தத்தெடுப்பு வழக்குக்கு அறிக்கை, பராமரிப்பு வழக்குக்கு அறிக்கை, இல்லங்களைப் பார்வையிடல், மேற்பார்வையில் இருப்பவர்களைச் சந்தித்தல் எல்லாம் அதே ஆள். நல்ல உத்தியோகத்தர் அந்த ஐந்து துண்டையும் தன் சொந்த அறிமுகத்தால் தேடிப் பிடித்துவிடுவார். அறிமுகம் இல்லாதவர் அம்மம்மாவிடம் கேட்டதை எழுதுவார். ஒரு பிள்ளையின் விதி உத்தியோகத்தரின் தொலைபேசியில் இருக்கும் பெயர்களைப் பொறுத்திருப்பதை ஒரு முறைமை என்று சொல்ல முடியாது.

சிறுவருக்கென்று தனியான நீதிமன்றம் இலங்கையில் பத்தரமுல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது. மற்ற இடங்களில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமர்வதுதான் வழக்கம். கொழும்புக்கு அடுத்தபடி அந்த வசதி யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்தது சின்ன விடயமல்ல. நாட்டுக்கே மாதிரி காட்டும் வாய்ப்பு அது. நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டடம் கொடுத்ததுபோல அதைச் சுற்றியுள்ள சேவைகளையும் ஒன்றாக நிறுத்தியிருந்தால் மாதிரி ஆகியிருக்கும். கட்டடத்தோடு நின்றுவிட்டோம்.

வழக்குகளில் களவும் போதைப்பொருளும் வாள்வெட்டும் செய்தியில் அடிபடும். ‘ஆவா’ என்ற வாள்வெட்டுக் குழுவின் பெயர் இணையச் செய்தித் தளங்களுக்கு எவ்வளவு வருமானம் தேடிக் கொடுத்திருக்கும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கேரளக் கஞ்சா கரையேறும் கடற்கரையில், ஹெரோயினும் ஐஸும் ஒழுங்கைக்குள் வந்துவிட்ட காலத்தில் பிள்ளைகள் சிக்குவது உண்மை. ஆனால் சிறுவர் துறையில் வேலை செய்பவர்களின் நேரத்தை விழுங்கும் இன்னொரு வகை வழக்கு உண்டு. அதைப் பற்றி ஊர் சத்தமாகக் கதைக்காது. பதினைந்து வயதுப் பெட்டையும் பதினேழு, பத்தொன்பது வயதுப் பெடியனும் காதலித்து வீட்டை விட்டுப் போன வழக்கு.

1995இன் திருத்தம் பாலியல் சம்மத வயதை 16 ஆக்கியது. அதே வருடம் திருமண வயது 18 ஆனது. இரண்டும் தேவையான சட்டங்கள். பிள்ளைகளை வேட்டையாடும் வளர்ந்தவர்களை இவை இல்லாமல் பிடிக்க முடியாது. ஆனால் இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பிப் போனபோது என்ன நடக்கிறது? பெண்பிள்ளை சட்ட வைத்திய அதிகாரியிடம், அங்கிருந்து நீதவானிடம், அங்கிருந்து ‘பாதுகாப்புக்காக’ ஓர் இல்லத்துக்கு. பாதுகாப்பு என்பது அவளுக்குப் பூட்டிய படலை. சாதாரண தரப் பரீட்சை போய்விடும். பெடியன் பாலியல் வல்லுறவுச் சந்தேக நபர். வயதைப் பொறுத்து அச்சுவேலிச் சான்றுபெற்ற பாடசாலை, அல்லது யாழ்ப்பாணச் சிறை. சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்து மேல் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வர வருடங்கள் ஆகும். சாட்சி சொல்ல அழைப்பு வரும்போது இரண்டு பேரும் கலியாணம் முடித்துக் கைக்குழந்தையோடு நிற்பதும் உண்டு. இப்படியான நிலைமையில் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் கையைக் கட்டக்கூடாது என்று 2008இல் அனுப்பப்பட்ட ஒரு வினாவுக்கு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2024இல் சட்டத்தையே தளர்த்த ஒரு திருத்தம் வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் முன்னெடுக்காமல் விடப்பட்டது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. சம்மத வயதைத் தொட்டால் பிழையான ஆட்கள் புகுந்துவிடுவார்கள். சட்டத்தைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருத்துவர், நன்னடத்தை, பாடசாலை, பொலிஸ் நான்கு பேரும் முதல் கிழமையிலேயே ஒன்றாக இருந்து, இது வேட்டையா, பிள்ளைகளின் காதலா என்று பார்த்து நீதவானுக்கு ஒரே அறிக்கை கொடுப்பது. பெண்பிள்ளை பெரியம்மா வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போகலாம் என்று அந்த அறிக்கை சொன்னால், அவளை இல்லத்துக்கு அனுப்ப எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாது.

இதற்கு முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. துன்புறுத்தப்பட்ட பிள்ளை வைத்தியசாலையில் சேர்ந்தால் மருத்துவர்கள் மற்றத் துறையினரையும் கூப்பிட்டு வழக்கு மாநாடு நடத்தும் முறை இலங்கையில் உண்டு. இலங்கை மருத்துவச் சங்கம் 2014இல் பல்துறை வழிகாட்டியே வெளியிட்டது. விடுதிக் கட்டிலில் பிள்ளை இருக்கும்போது நன்னடத்தையும் பொலிசும் மனநல மருத்துவரும் ஒரு மேசையில் இருந்து, எங்கே அனுப்புவது என்று பேசி முடிப்பார்கள். ஆக, ஒருங்கிணைப்பு நமக்குத் தெரியாத வித்தையல்ல. உடம்பில் காயத்தோடு வருகிற பிள்ளைக்கு அதைச் செய்கிறோம். கைவிலங்கோடு வருகிற பிள்ளைக்குச் செய்வதில்லை.

இனி இல்லங்கள். யாழ்ப்பாணத்தில் அநாதைப் பிள்ளையை ஊர் பொறுப்பெடுக்கும் மரபு பெரியது. மிசனரிமார் வந்து விடுதி திறந்தது ஒரு காலம். மதம் மாற்றிவிடுவார்களே என்ற தவிப்பில் சைவர்கள் பள்ளியும் இல்லமும் தொடங்கியது அடுத்த காலம். ‘இந்து போர்ட்’ இராசரத்தினம் நினைவில் நிற்பது அதனால். தெல்லிப்பழையில் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் துர்க்கையம்மன் கோயில் வருமானத்தைப் பெண்பிள்ளைகளின் இல்லத்துக்குத் திருப்பியது நம் கண்முன்னே நடந்த வரலாறு. போரும் இடப்பெயர்வும் தாய் தகப்பனைத் தின்ற வருடங்களில் இந்த இல்லங்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள்.

அந்தக் கடனை ஒப்புக்கொண்டே அடுத்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பான்மையானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு உண்டு. நாடு முழுவதற்கும் உள்ள நிலைமை இது, வடக்கு விதிவிலக்கல்ல. வறுமையால் விடுகிறார்கள், மறுமணத்தால் விடுகிறார்கள், ‘அங்க விட்டால் படிப்பாவது வரும்’ என்று விடுகிறார்கள். 2019இல் வந்த மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை, இல்லம் கடைசித் தெரிவாக இருக்க வேண்டும் என்கிறது. கொள்கை கொழும்பில் எழுதப்பட்டது. காசு கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வருகிறது. புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு கட்டடம் கட்டி, தாயின் பெயரில் கல்வெட்டுப் பதித்துத் திறப்பது மனநிறைவு. ஓட்டைக் கூரை வீட்டில் அம்மம்மாவோடு இருக்கும் பேரனுக்கு மாதாமாதம் பணம் கொடுத்து அங்கேயே இருக்க வைத்தால், கல்வெட்டை எங்கே பதிப்பது? கட்டில் போட்டுவிட்டால் அதில் படுக்கப் பிள்ளை வேண்டும். பிள்ளைக்காக இல்லமா, இல்லத்துக்காகப் பிள்ளையா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இல்லத்திலிருந்து ஓடுகிற பிள்ளை பொலிசில் பிடிபட்டால் அடுத்த வாசலால் நீதிமன்றத்துக்கு வருவான். பராமரிப்புக் கோப்பு மூடி, குற்றக் கோப்புத் திறக்கும். இரண்டும் ஒரே பிள்ளை என்பதை யாராவது குறித்து வைத்தால் புண்ணியம்.

அச்சுவேலியில் இருக்கும் அரச சான்றுபெற்ற பாடசாலைக்குத்தான் கடைசியில் எல்லா வழியும் போகிறது. அங்கிருந்து சிறுவர் தப்பியோடினார்கள் என்ற செய்தி அவ்வப்போது வரும். வந்த மறுநாள் மதிலை உயர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழும். மதில் உயரத்தில் ஒன்றுமில்லை. உள்ளே இருப்பவர்களை வகை பிரிக்காமல் வைத்திருப்பதில்தான் கோளாறு. விசாரணை முடியாதவன், தீர்ப்பானவன், போதைக்கு அடிமையானவன், வீட்டில் சோறில்லாததால் கொண்டுவரப்பட்டவன் ஆகிய நான்கு பேருக்கும் நான்கு வகைத் தேவை. போதைக்குப் பழகிய பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தேவை மருத்துவம். அவனுக்கு நூல் கோப்பதையும் மரவேலையையும் பழக்கி என்ன? அங்குள்ள ஆளணியைக் குறைசொல்வது எளிது. காவலாளியின் வேலையையும் தாயின் வேலையையும் ஒரே சம்பளத்துக்குச் செய்யச் சொல்லிவிட்டு அவர்களைத் திட்டுவது நியாயமில்லை.

உலகம் இந்த முடிச்சை மூன்று விதமாக அவிழ்த்திருக்கிறது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வாசலிலேயே பிரிக்கிறது: பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளை குழந்தைகள் நலக் குழுவிடம், சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளை இளைஞர் நீதிக் குழுமத்திடம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டும் தனித்தனி. தங்கும் இல்லங்களும் தனித்தனி. ஸ்கொட்லாந்து நேர்மாறு. கில்பிரண்டன் குழு 1964இல், குற்றம் செய்த பிள்ளையின் தேவையும் கைவிடப்பட்ட பிள்ளையின் தேவையும் அடியில் ஒன்றுதான் என்று கண்டது. 1971 முதல் இரண்டு வகையினரையும் ஊர்ப் பொதுமக்களிலிருந்து தெரிவான மூவர் ஒரே மேசையில் வைத்துக் கேட்கிறார்கள். நியூசிலாந்து 1989இல், குடும்பத்தையே கூட்டி வைத்து முடிவெடுக்க விடும் முறையைச் சட்டமாக்கியது. சித்தப்பா, மாமா, கோயில் தர்மகர்த்தா எல்லாரும் கூடி ஒரு பிள்ளையின் விடயத்தைப் பேசித் தீர்த்த யாழ்ப்பாணத்துக்கு இந்த மூன்றாவது முறை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பிள்ளையின் குரலும் பெண்களின் குரலும் ஏறியதில்லை, சாதி பார்த்துத் தீர்ப்பு மாறியது என்பதையும் மறக்கக்கூடாது. அதனால்தான் சட்டத்தின் காவல் அதன்மேல் வேண்டும்.

என் தீர்ப்பு முதல் இரண்டிலும் பாதி. தீர்மானிக்கும் மேசை ஸ்கொட்லாந்தைப் போல ஒன்றாக இருக்கட்டும். தங்கும் கூரை தமிழ்நாட்டைப் போல வேறாக இருக்கட்டும். புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறுவர் நீதிக்கான புதிய சட்ட வரைபு பல ஆண்டுகள் மேசைக்கு மேசை நகர்ந்தது நமக்குத் தெரியும்.

இருக்கிற சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு. நீதவான் தன் கட்டளையில் இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இன்னார் என்று பெயர் குறித்து எழுதலாம்; மற்றத் திணைக்களங்கள் தம்மிடம் உள்ளதை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதலாம். மாகாணத் திணைக்களமும் தேசியத் திணைக்களமும் அதிகார சபையும் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்ளலாம்: நீதிமன்றத்துக்கு வருமுன் பொறுப்பு சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு, வந்தபின் நன்னடத்தை உத்தியோகத்தருக்கு, கைமாறும் நாள் எது என்பது உட்பட. பிரதேச செயலகத்தில் மாதமொருமுறை பெயர் சொல்லிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் கூட்டம் வேண்டும். கூட்டம் என்றதும் சிரிக்காதீர்கள். ரோல்ஸும் பால்தேநீரும் வைத்து, வரவேற்புரையில் தொடங்கி நன்றியுரையில் முடிந்து, உரிய உத்தியோகத்தருக்குப் பதிலாக யாரோ ஒருவர் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போகும் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் போதுமான அளவு நடந்துவிட்டன. அங்கே தொகைகள் பேசப்படும், பிள்ளை பேசப்படாது. நான் சொல்லும் கூட்டத்துக்கு ஆறு பேர் போதும், ஆறு கோப்பு கையில் இருக்க வேண்டும்.

ஆனால் கோப்பு பரிமாறும்போது ஓர் எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் ஒரு இரகசியம் பிரதேச செயலகத்திலிருந்து கோயில் வீதிக்கு வரப் பத்து நிமிடம் ஆகாது. முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊரையும் பாடசாலையையும் வகுப்பையும் எழுதும் செய்தித் தளங்கள் பிள்ளையின் பெயரைத் தனியே எழுத வேண்டிய தேவையே இல்லை. 1939இன் சட்டமே இதைத் தடுக்கிறது. அதை மீறியதற்காக வழக்குப் போட்டு முன்னுதாரணம் காட்டினால் பாதிப் பேர் அடங்குவார்கள். பெற்றோர் வாய் திறக்காததற்கும் ஆசிரியர் முறைப்பாடு எழுதத் தயங்குவதற்கும் முதல் காரணம் இந்தப் பயம்தான். பெண்பிள்ளையின் பெயர் ஊருக்குள் அடிபட்டுவிட்டால் எந்தச் சேவையாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் மலிவான, எல்லாவற்றிலும் முந்திய மணி பாடசாலை வரவுப் பதிவேடு. மூன்று கிழமை தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்தாக வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை வடமாகாணக் கல்வித் திணைக்களமும் நன்னடத்தைத் திணைக்களமும் சேர்ந்து நடைமுறைப்படுத்தினால், அச்சுவேலிக்குப் போகும் பாதையில் பாதியை மறிக்கலாம். அதற்கு வெளிநாட்டு நிதி வேண்டாம். ஒரு மோட்டார் சைக்கிளும் எரிபொருள் கொடுப்பனவும் போதும். 2022இல் பெற்றோல் வரிசையில் நாடு நின்ற மாதங்களில் வீடுதேடிப் போகும் எந்த வேலையும் எவ்வளவு எளிதாக நின்றுபோகும் என்று கண்டோம்.

வாசிப்பவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாவட்டத்தில் 435 பிரிவுகள். உங்கள் பிரிவில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள், எந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனார்கள் என்று உங்கள் கிராம அலுவலரிடம் கேளுங்கள். குழுவே இல்லை என்றால், அதை எழுத்தில் பிரதேச செயலாளருக்கு அறிவியுங்கள். அவசரமென்றால் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.